எம்பி4 ஆகத்தான் எடுத்தேன், கணினியில் ஓடுகிறது, டிவியில் மட்டும் ஓடவில்லை. கோளாறு எங்கே?

கோளாறு டிவியில் இல்லை, பென் டிரைவிலும் இல்லை. ‘எம்பி4 ஆகத்தான் எடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. நீங்களும் என்னைப் போலக் கல்யாண வீடியோ வேலை செய்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நாளைக் காலை முகூர்த்தம் என்றால் முதலில் கடைசிப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெறும் உறைகள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கோடெக். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265, எடிட்டிங்குக்கென்றே ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த புரோரெஸ் எல்லாம் அந்த வகை. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி என்ற செயலி எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டும், ஏனென்றால் பிரித்துப் படிக்கும் நிரல்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. டிவி அப்படியல்ல. அதிலுள்ள சிப்புக்கு எது தெரியுமோ அது மட்டும்தான் தெரியும். ஆகவே ‘விஎல்சியில் ஓடியது’ என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

எனக்கு ஸ்டூடியோ தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிவிட்டால் கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு. தேயிலை, ஏலத் தோட்டங்களில் நம் ஜனங்கள் நிறைய இருப்பதால் என் வேலையில் பாதி அந்தப் பக்கம்தான். வண்டிப்பெரியாற்றில் ஒரு வரவேற்பு. பெண்ணின் சிறுவயதுப் படங்களையெல்லாம் கோத்து, பெங்களூரில் வேலை பார்க்கும் அவளுடைய மாமன் மகன் ஒரு வீடியோ செய்து கொண்டுவந்திருந்தான். மேடைக்கு மேலே மாட்டியிருந்த டிவியில் அதைப் போடவேண்டும். அது என் வேலையே இல்லை. ஆனால் டிவியில் படம் வரவில்லை என்றதும் மண்டபத்தில் அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தில் கேமரா தொங்கினால் மண்டபத்தில் எரியாத பல்புக்கும் நாமே பொறுப்பு.

தம்பி முதலில் கொடுத்தது ஓர் எம்ஓவி கோப்பு. டிவியின் பட்டியலில் அது வரவே இல்லை என்று, பெயரின் பின்னொட்டை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதியிருந்தான். இப்போது பட்டியலில் வந்தது, ஓடவில்லை. நான் அளவைப் பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கும் குறைவான படம், மூன்றரை ஜிபி. அப்போதே தெரிந்துவிட்டது, புரோரெஸ். 1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேமில், சாதாரண புரோரெஸ் 422 நொடிக்கு 120 மெகாபிட்டுக்கு மேல் தின்னும். எடிட்டருக்கு அது அமிர்தம், டிவிக்கு அது என்னவென்றே தெரியாது. பெண்ணின் அப்பா ஏலக்காய் வியாபாரி. “எம்பி4 என்றுதானே தம்பி போட்டிருக்கிறது?” என்றார். “மூட்டையின் மேல் எட்டு எம்எம் என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் காய் எட்டு எம்எம் ஆகிவிடுமா அண்ணே?” என்றேன். காயை அளவு பார்த்து விற்கும் போடி, புற்றடி ஏலக்கூடங்களுக்குப் போய் வருகிறவர், அதற்குமேல் கேட்கவில்லை.

தம்பி விடவில்லை. “அண்ணே, இன்னொன்று வைத்திருக்கிறேன். இது நிஜமான எச்.264, கட்டளை அடித்துக் கோப்பை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் நானே மாற்றினேன்” என்று அடுத்த கோப்பைக் கொடுத்தான். பாட்டு கேட்டது, திரை கறுப்பு. என் லேப்டாப்பில், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் மீடியாஇன்ஃபோவைத் திறந்து காட்டினேன். ஃபார்மட்: ஏவிசி, அதாவது எச்.264. சரி. அதற்கு அடுத்த வரி, புரொஃபைல்: ஹை 4:2:2. கீழே பிட் ஆழம்: 10. விஷயம் அவ்வளவுதான். 4:2:2 என்பது நிறத் தகவலை எவ்வளவு வைத்திருக்கிறது என்பது, பிட் ஆழம் என்பது நிறத்தை எத்தனை நுணுக்கமாகப் பிரிக்கிறது என்பது. எச்.264 என்றால் வீட்டு டிவிகள் எதிர்பார்ப்பது 8 பிட், அதைவிடக் குறைந்த நிறத் தகவல் உள்ள 4:2:0. மூலக் கோப்பு 10 பிட் 4:2:2 ஆக இருந்து, நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், எஃப்எஃப்எம்பெக் அதே தரத்தை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். அது அதன் குற்றம் அல்ல, நேர்மை. கட்டளையில் பிக்சல் ஃபார்மட் ஒய்யுவி420பி, அதாவது 8 பிட் 4:2:0, என்று நாம்தான் சேர்க்கவேண்டும். சேர்த்து மாற்றினேன். மைக் பிடித்திருந்தவர் தாய்மாமன்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் படம் ஓடியது.

‘லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை இழுத்திருக்கலாமே’ என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும். டிவி பூ அலங்காரத்துக்குப் பின்னால் உயரத்தில் இருந்தது, என் கேபிள் மேடைப் படிவரைகூட எட்டாது. ‘இப்போது வரும் டிவிகள் எச்.265 10 பிட்டே ஓட்டும்’ என்பார் இன்னொருவர். ஓட்டும், உங்கள் வீட்டில். மண்டபக்காரர்கள் வாசல் வளைவை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், டிவியை மாற்றமாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அன்று படத்தை ஓடவைத்ததற்குக் கைதட்டல் தம்பிக்கு. எனக்குச் சாப்பாடு கடைசிப் பந்தியில். மாப்பிள்ளை கை கழுவுவதுவரை எடுத்துவிட்டு இலைக்குப் போனால், சாம்பார் வாளியின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம்தான் வரவேற்கிறது. அப்பளம் தீர்ந்துவிட்டது, பாயசம் ‘இதோ வருகிறது’. மலைக்கு மேலேயும் இதே கதை, கீழேயும் இதே கதை. பத்திரிகையில் ஒலி, ஒளி அமைப்பாளர் பெயர்வரை போடுகிறார்கள், வீடியோக்காரனுக்கு ஓர் இலையை ஒதுக்கி வைக்க ஆள் இல்லை.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. விஎல்சியில் கோப்பைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் தகவலைப் பாருங்கள். பிட் ஆழமும் புரொஃபைலும் தெளிவாக வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ. டிவிக்கென்று தனியாக ஒரு பிரதி எடுங்கள்: எச்.264, ஹை புரொஃபைல், லெவல் 4.1, 8 பிட் 4:2:0, 1080, நொடிக்கு 25 ஃபிரேம், நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மெகாபிட், ஒலி ஏஏசி ஸ்டீரியோ. கட்டளை அடிக்கப் பயமென்றால், பட்டனை அழுத்தியே மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற செயலி இருக்கிறது, இலவசம். அதில் எச்.264 என்றும் எச்.264 10 பிட் என்றும் தனித்தனியாக இருக்கும், முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக்கலாம், ஆனால் பழைய டிவிகள் பல அதைப் படிப்பதில்லை. ஆகவே கோப்பைச் சிறிதாக்குவதே மேல். உங்கள் தொல்லை தலைகீழாக, செல்போனில் எடுத்ததை எடிட்டிங்கில் போட்டால் உதடும் குரலும் போகப்போக விலகுவதாக இருந்தால், அதற்குக் காரணம், செல்போன் ஒரே சீராக எடுக்காமல் நொடிக்கு நொடி மாறும் ஃபிரேம் வேகம். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்னும் தளங்களில் மட்டும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை ஏற்றாதீர்கள்.