பாராட்டினால் முகம் ஏன் இறுகுகிறது? – கேள்வி பதில்

நான் கணக்காளர், வயது 43. எனக்கு ஆட்டிசம் இருப்பது 36 வயதில்தான் தெரியவந்தது. மருத்துவர் அல்ல. படித்ததையும் பட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, அலுவலகத்தில் யாராவது "பிரமாதம்" என்றால் எனக்கு வாயே திறப்பதில்லை. திமிர் என்கிறார்கள். (கோவை, வயது 24)

திமிர் இல்லை தம்பி, நேரம் போதவில்லை. அந்த இரண்டு விநாடிக்குள், மெய்யாகச் சொல்கிறாரா, கிண்டலா, புது வேலையைத் தலையில் கட்டப் போகிறாரா என்று பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும், அளவாகச் சிரிக்க வேண்டும், பதிலும் சொல்ல வேண்டும். பிறருக்குத் தானாக நடப்பதை ஆட்டிசம் உள்ள நம்மில் பலர் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்கிறோம்.

பாராட்டுக்குப் பதில் சொல்வது எல்லோருக்குமே சிக்கல்தான். ஒப்புக்கொண்டால் தற்பெருமை, மறுத்தால் சொன்னவரையே மறுப்பதாகிவிடும். இந்த முடிச்சை அமெரிக்க ஆய்வாளர் அனிதா பொமரன்ட்ஸ் 1978இல் விளக்கி எழுதினார். "சேலை அழகாக இருக்கிறதே" என்றால் "பழசுதான்" என்று நம் ஊரில் நழுவுவதும் இதனால்தான். எனக்கு அந்த வித்தை வெகுகாலம் பிடிபடவில்லை. போன வாரம் எடுத்த சேலையைப் பழசு என்று எப்படிச் சொல்வது?

அலுவலகத்துக்கு "நன்றி, சந்தோஷம்" போதும். சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். வீட்டில் வேண்டாம், அத்தையிடம் "நன்றி" என்றால் நன்றியுரை வாசித்தது போலிருக்கும். அங்கே தலையசைத்தால் போதும்.

என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். "என் தங்கமே, என்ன அழகு!" என்று கட்டிக்கொண்டால், வரைந்த படத்தையே கிழித்துவிடுகிறான். (மதுரை)

படத்தைவிட உங்கள் குரலும் அணைப்பும் அவனுக்குப் பெரிதாகிவிடுகின்றன போலும். "அழகு" என்றால் அடுத்த படமும் அழகாக இருந்தாக வேண்டும் என்ற பயமும் இருக்கலாம். உளவியல் ஆய்வாளர்கள் முல்லர், ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று புகழப்பட்ட குழந்தைகள் பிறகு ஒரு தோல்வி வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அது ஆட்டிசக் குழந்தைகளை வைத்துச் செய்ததல்ல, என்றாலும் பயன்படும்.

எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். கண்டதை மட்டும் தணிந்த குரலில் சொல்லுங்கள்: "ரயில் பெட்டிக்கு ஆறு சன்னல் போட்டிருக்கிறாய்." ஏழு என்று அவன் திருத்தினால் நல்லது. தயவுசெய்து "மாமாவிடம் காட்டு" என்று படத்தைப் பிடுங்காதீர்கள்.

நான் ஆசிரியை, எனக்கும் ஆட்டிசம். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். பத்து நாளாகத் தூக்கமில்லை. (தஞ்சாவூர்)

ஐயோ, அந்தப் பொன்னாடை! எனக்கு ஒருமுறை நடந்தது. சரிகை விளிம்பு பிடரியில் அறுத்தது. தகரக் கூரை அரங்கில் கைதட்டல் மழை போல் இறங்கியது. புகைப்படக்காரர் "இன்னொரு தடவை" என்றதும், எடுத்ததை மறுபடி போர்த்தினார்கள். என்னைப் பற்றி மேடையில் பேசிய ஒரு சொல்லும் நினைவில்லை, பிடரி அரித்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு கழிவறையில் அரை மணி நேரம் நின்றேன்.

இப்போதே விழாக் குழுவிடம் "கையில் கொடுங்கள், தோளில் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆளாக அழைக்கவும் கேளுங்கள். எனக்கு மேடையைவிடக் காத்திருப்பது கொடிது.

"உங்களைப் பார்த்தால் ஆட்டிசம் என்றே தெரியவில்லை" என்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும். நீங்கள் போட்டிருக்கும் வேடத்தைத்தானே புகழ்கிறார்கள். அதைப் போட எவ்வளவு களைப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. நான் "வீட்டுக்குப் போனதும் தெரியும்" என்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் யோசிப்பார்கள்.

பாராட்டினால் உங்களுக்குச் சந்தோஷமே வராதா?

வரும், தாமதமாக. தன் உணர்ச்சி இன்னதென்று உடனே பெயர் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். 1970களில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் வைத்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இது இருப்பதாக 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணித்தது. திங்களன்று கேட்ட நல்ல வார்த்தை, வியாழன் காலையில் குளிக்கும்போது எனக்கு இனித்திருக்கிறது. அப்போது நன்றி சொல்லப் போனால், சொன்னவர் மறந்திருப்பார்.

என் மனைவிக்கு ஆட்டிசம். அவளை எப்படிப் பாராட்டுவது?

அவரையே கேளுங்கள். எனக்கு எழுத்துதான் ஒத்துவரும்; படித்ததும் முகம் காட்ட வேண்டியதில்லை. என் மேலதிகாரி ஒருமுறை பேரேட்டில் துண்டுச்சீட்டு வைத்திருந்தார்: "7 ரூபாய் வித்தியாசத்தை எப்படிப் பிடித்தீர்கள்? எனக்கும் காட்டுங்கள்." நாற்பது நிமிடம் காட்டினேன். அவருடைய தேநீர் ஆறிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.