குழுக் காப்பீடு தராத செலவுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டு, இரண்டு அக்குள் கட்டைகளை ஊன்றி நடக்கிறேன். மதுரையில் தனியார் நிறுவனத்தில் கணக்காளர். மாதச் சம்பளம் 38,000 ரூபாய். வலது மார்பகத்தில் புற்றுநோய் உறுதியாகி, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் தேவை என்கிறார்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு 3 லட்சம், ஃபிக்ஸட் டெபாசிட் 6 லட்சம் உள்ளன. வேலையை விட்டுவிட்டுப் புதிய பாலிசி எடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். நோய் உறுதியான பிறகு தனிநபர் பாலிசி கிடைப்பது மிக அரிது. கிடைத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். குழுக் காப்பீடோ பொதுவாகப் பணியில் இருக்கும்வரைதான் செல்லும் என்பதால், சம்பளமில்லா விடுப்பே ஆனாலும் அக்காலத்தில் காப்பீடு தொடரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக் கட்டணத்தைவிட உங்கள் வலது தோள்தான் எனக்குக் கவலை தருகிறது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்ற நேர்ந்தால் அந்தக் கை வீங்கும் அபாயம் உண்டு. புண் ஆறும்வரை அங்கே கட்டையை வைத்து உடல் எடையைச் சுமத்தவும் முடியாது. பிறருக்குச் சில வாரக் கைவலியாக முடிவது, உங்களுக்கு நடமாட்டமே நின்றுபோவதாகிவிடும். எனவே, எத்தனை வாரம் கட்டை ஊன்றக் கூடாது என்று அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தப் பதிலை வைத்தே செலவுக் கணக்கைப் போடுங்கள். சக்கரத்தைக் கையால் உருட்டும் சாதாரண நாற்காலி ஒற்றைக் கைக்கு உதவாது. இடது கையால் இயக்கும் பேட்டரி நாற்காலியோ, தள்ளுவதற்கு ஓர் ஆளோ தேவைப்படும். கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் வாரம் 5 நாள்களாக 3 வாரம் முதல் 6 வாரம் வரை செல்ல வேண்டியிருப்பதால், தினமும் கார் வைப்பதைவிட மருத்துவமனை அருகே தரைத்தளத்தில் அறை எடுப்பது மலிவாக இருக்கலாம். இவற்றைக் காப்பீடு பொதுவாகத் தராது. ஆகவே டெபாசிட்டில் 2 லட்சத்தை இதற்கென்றே பிரித்துவையுங்கள். மருத்துவமனைக் கட்டணம் 3 லட்சத்தைத் தாண்டினால் மீதி டெபாசிட், அதன்பின் இ.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முன்பணம் என்ற வரிசையில் போகலாம்.

மாற்றுத்திறனாளிக்கான 80யூ, கடும் நோய்ச் சிகிச்சைக்கான 80டிடிபி ஆகிய வருமான வரிக் கழிவுகளைத் தேடி அலைய வேண்டாம்; புதிய வரிமுறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பொதுவாக ஆண்டு வருமான வரம்பு உண்டு என்றாலும், மாற்றுத்திறனாளி என்ற முறையில் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சைக்காகச் சென்னைக்கு ரயிலில் செல்ல நேர்ந்தால், மாற்றுத்திறனாளிக்கான 75 சதவீதச் சலுகையை விட்டுவிட்டுப் புற்றுநோயாளிக்கான சலுகையைக் கேளுங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு சலுகைதான்; இதில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் உங்களுக்கு முழுக் கட்டண விலக்கு உண்டு.