ஊழியம் என்றால் ஈபிஎப் இல்லையா?

கேள்வி: பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கில், வயலுக்கு நடுவே உள்ள சின்னக் கிறிஸ்தவத் தனியார் பாடசாலை ஒன்றில் ஆறு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். சம்பளம் 40,000 ரூபா. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கேட்டதற்கு, "இது கர்த்தருடைய ஊழியம் பிள்ளை, கம்பனி இல்லை. வேணுமெண்டா கையில மாதம் 3,000 கூட்டித் தாறம்" என்கிறார் முகாமையாளர். வாங்கலாமா?
- ஆசிரியை, அம்பாறை மாவட்டம்

பதில்: வேண்டாம் தங்கச்சி.

கணக்கு உங்களுக்கே தெரியும். உங்கள் பங்கு 8 வீதம், 3,200. பாடசாலையின் பங்கு 12 வீதம், 4,800. ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,200. அதையும் அவர்களே கட்ட வேண்டும். ஆக 6,000 கட்ட வேண்டியவர்கள் 3,000த்தோடு முடிக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் சம்மதித்தாலும் அவர்கள் கடமை தீராது.

ஒன்றை மறைக்கக் கூடாது: ஈபிஎப் கழித்தால் கையில் வருவது 36,800தான். சீட்டு, அடகு வட்டி ஏதும் கட்டுகிறீர்கள் என்றால் இப்போதே அதைப் பார்த்து ஒழுங்குபடுத்துங்கள்.

ஊழியம் என்ற கதைக்கு வருவோம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் வழிபாட்டு, தர்ம நிறுவனங்களுக்கு ஈபிஎப்பில் விலக்கு உண்டு. அதைத்தான் யாரோ அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாதக் கட்டணம் வாங்கும் பாடசாலையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? வொச்சர், வான் ஓட்டுநர், கன்டீன் அக்கா எல்லாரையும் எண்ணுங்கள். 15 பேர் இருந்தால், வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடையும் உண்டு. ஐந்து வருடம் தாண்டிவிட்டீர்கள். வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி, இன்றைக்கு விலகினால் 1,20,000 ரூபா.

எடுத்த எடுப்பில் முறைப்பாட்டுக்குப் போக வேண்டாம். சின்ன இடம், நாளைக்கும் அதே முகங்கள்தான். நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். பிந்திக் கட்டினால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும் என்பதையும் அதில் எழுதுங்கள். அந்த வரிக்குத்தான் பதில் வரும். வராவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகம்.

நாளைக்கு ஓய்வூதியத்தோடு அரச நியமனம் கிடைத்தால் காசு முடங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் காரணத்துக்காகவே ஈபிஎப்பை மீளப் பெறலாம்.

கவரில் சம்பளம் தந்து சீஆர் கொப்பியில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றால், இந்த மாதமே அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடிதம் கொடுத்த பிறகு கொப்பி மேசையில் இருக்காது.