சுவரில் ஓர் இடம்: ஓவியக் கேள்வி–பதில்

(இந்த இதழில், பிரெஞ்சு ஓவியர்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில்.)

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் யாருடைய வரலாற்றைப் படித்தாலும் ‘சலோன்’ என்று ஒரு பெயர் வருகிறது. அது பள்ளியா, சங்கமா, விற்பனைக் கூடமா? (கரூரிலிருந்து ஒரு வாசகி)

மூன்றும் இல்லை, அம்மா. அது அரசாங்கம் நடத்திய ஓவியக் கண்காட்சி. பாரிஸில் லூவர் அரண்மனையில் ‘சலோன் காரே’ என்ற சதுரக் கூடம் இருக்கிறது. 1725இல் கண்காட்சியை அங்கே நடத்தத் தொடங்கினார்கள். கூடத்தின் பெயரே கண்காட்சிக்கும் நிலைத்துவிட்டது. அரச கலைக்கழகத்தின் உறுப்பினர்கள் மட்டும்தான் அங்கே படம் வைக்க முடியும் என்ற விதியை 1791இல் புரட்சி அரசு நீக்கியது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் படத்தை அனுப்பலாம். ஆனால் எதை மாட்டுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு தேர்வுக்குழு வந்து உட்கார்ந்துகொண்டது.

நெப்போலியன் காலத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. அவருக்குப் பின் வந்த மன்னர்கள் காலத்தில் 1814, 1817, 1819, 1822, 1824, 1827 என்று இடைவெளி விட்டு நடந்தது. 1833 முதல் ஆண்டுதோறும். நுழைவுக் கட்டணம் கிடையாது. படங்களின் எண்ணும் தலைப்பும் அச்சிட்ட கையேட்டை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். அதனால் சீமாட்டியும் சமையற்காரியும் ஒரே படத்தின் முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். நம் வீட்டுப் பூஜையறையில் சாமிப் படங்களை இடைவெளியே இல்லாமல் மாட்டியிருப்போமே, அப்படித்தான் அங்கே கூரை வரை சட்டத்தோடு சட்டம் உரசிக்கொண்டு படங்கள் தொங்கின. கண்மட்டத்தில் இடம் கிடைத்தவன் பிழைத்தான். கூரையோரம் போனவனின் படம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் சரியாகத் தெரியாது.

அந்தக் காலத்து ஓவியரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போதே அது எந்தச் சுவரில், எந்த உயரத்தில் தொங்கியது, முடிவில் யார் வாங்கினார்கள் என்றும் கேளுங்கள். பல மீட்டர் அகலமுள்ள ஓவியச் சீலையை ஒரு வீட்டுக்குள் மாட்ட முடியாது. அதற்கு இடம் தரும் சுவரும், அதை வாங்கும் பணமும் அரசிடம்தான் இருந்தன.

கேள்வி: அரசு நடத்திய கண்காட்சி என்றால் அரசனைப் புகழும் படங்கள்தானே இருந்திருக்கும்? அதில் கலைக்கு ஏது இடம்? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

புகழும் படங்கள் இருந்தன, தம்பி. நிறையவே இருந்தன. ஆனால் அந்துவான் குரோவின் படங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

1799இல் நெப்போலியனின் படை யாஃபா நகரில் கொள்ளைநோயில் சிக்கியது. நோயுற்ற தன் வீரர்களை விஷம் கொடுத்துக் கொல்லச் சொன்னார் என்ற பேச்சு அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. அதை மறக்கடிக்க வேண்டியிருந்த வேளையில், 1804 சலோனில் குரோவின் படம் வந்தது: நோயாளிகளைப் பார்க்கப் போன நெப்போலியன், ஒரு வீரனின் நெறிகட்டியை வெறும் கையால் தொடுகிறார். பின்னால் நிற்கும் அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார். விளம்பரம் என்றால் விளம்பரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் இருட்டு. அங்கே சாகிறவர்களும், செத்தவனை மடியில் கிடத்திக்கொண்டு தானும் சாகப்போகிறவனும் கிடக்கிறார்கள். நெப்போலியனின் கை அவர்கள் எவரையும் எட்டவில்லை. இந்தப் படத்துக்குச் சக ஓவியர்களே மாலை சூட்டினார்கள். அவர்கள் மாலையிட்டது அந்த இருட்டுக்கு என்றே நான் நம்புகிறேன்.

1808இல், நெப்போலியனின் படை ரஷ்யரோடு மோதிய ஐலோ போர்க்களத்தைக் காட்டும் படம் வந்தது. அதற்கு ஒரு போட்டியே வைத்தார்கள். சக்கரவர்த்தியின் இரக்கம் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. குரோ வென்றார். சக்கரவர்த்தி நடுவில் குதிரைமேல் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் படத்தின் முன்வரிசையில், நம் காலடியில், உயிரளவைவிடப் பெரிதாகப் பனி உறைந்த பிணங்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு, கேட்காததையும் அதே சீலையில் எழுதிவைத்தார் குரோ. அரசு ஆணையில் பிறந்த படம் என்று ஒதுக்கிவிட்டால் இதைப் பார்க்கவே மாட்டோம்.

கேள்வி: ‘மெடூசாவின் தெப்பம்’ அரசின் ஊழலைக் காட்டும் படம் என்கிறார்கள். அதை அரசின் கண்காட்சியிலேயே எப்படி அனுமதித்தார்கள்? (புதுச்சேரி வாசகர்)

உங்கள் ஊரோடு தொடர்புள்ள செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா. நெப்போலியன் வீழ்ந்தபின் செய்த ஒப்பந்தங்களால் ஆங்கிலேயர் தாம் பிடித்துவைத்திருந்த சில இடங்களைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படித் திரும்பியவற்றில் புதுச்சேரி ஒன்று, ஆப்பிரிக்காவின் செனகல் மற்றொன்று. செனகலைப் பொறுப்பேற்க ஆளுநரையும் படையினரையும் ஏற்றிக்கொண்டு போன கப்பல்தான் மெடூசா.

அதன் தலைவர் ஷோமரே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலுக்கே போகாதவர். மன்னர் கட்சிக்காரர் என்பதால் பதவி கிடைத்தது. 1816 ஜூலை 2 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மணல்திட்டில் கப்பலைத் தட்டவைத்தார். படகுகள் போதவில்லை. மரங்களைக் கட்டித் தெப்பம் செய்து ஏறக்குறைய 150 பேரை அதில் ஏற்றினார்கள். படகுகளில் இருந்தவர்கள் அதை இழுத்துப்போவதாகச் சொல்லிக் கயிறு கட்டினார்கள். பிறகு கயிற்றை விட்டுவிட்டார்கள். தண்ணீர் இல்லை, உணவு இல்லை. கலகம், கொலை, கடைசியில் மனித மாமிசம். பதின்மூன்று நாள் கழித்து ஆர்கஸ் என்ற கப்பல் கண்டெடுத்தபோது 15 பேர் உயிரோடு இருந்தார்கள். தப்பியவர்களில் மருத்துவர் சவிஞியும் பொறியாளர் கொரேயாரும் நடந்ததை நூலாக எழுதினார்கள். நாடே கொதித்தது.

இதைப் படமாக எழுதிய தியோடர் ஜெரிகோவுக்கு அப்போது வயது இருபத்தாறு, இருபத்தேழு. இந்த வேலைக்காகப் பெரிய கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். வெளியே போகத் தோன்றக் கூடாது என்று தலையை மழித்துக்கொண்டார். தப்பிவந்த தச்சர் ஒருவரைக் கொண்டு தெப்பத்தின் சிறு மாதிரியைச் செய்யவைத்தார். மருத்துவமனையிலிருந்து துண்டிக்கப்பட்ட கை கால்களைக் கொண்டுவந்து, நிறம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். பின்னாளில் பெரிய ஓவியரான இளம் தெலக்ருவா அவருக்காகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். படத்தில் முகம் தெரியாமல் விழுந்துகிடக்கும் உருவம் அவர்தான். தெப்பத்தின் உச்சியில், தொலைவில் தெரியும் கப்பலுக்குத் துணியை வீசிக்காட்டுகிறவன் ஒரு கறுப்பின மனிதன். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை இன்னும் ஒழியாத காலம் அது. அத்தனை பேரின் நம்பிக்கையையும் அவன் தோள்மேல் தூக்கி வைத்தாரே ஜெரிகோ, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1819 ஆகஸ்ட் 25 அன்று சலோன் திறந்தபோது கையேட்டில் ‘மெடூசா’ என்ற சொல்லே இல்லை. ‘ஒரு கப்பல் விபத்துக் காட்சி’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. அந்தத் தலைப்பால் யாரும் ஏமாறவில்லை; பார்த்த எல்லோருக்கும் எந்தக் கப்பல் என்று தெரிந்தது. ஆனால் படத்தைத் தடுத்தால் விஷயம் இன்னும் பெரிதாகும். பெயரை எடுத்துவிட்டு அனுமதித்தால், பார்க்கிறவர் நல்ல படமா, கெட்ட படமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படித்தான் நடந்தது. உடல்களின் நிறம் சரியில்லை, பிணக்குவியல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். மன்னர் பதினெட்டாம் லூயி, “நீர் எழுதிய கப்பல் விபத்து உமக்கு விபத்து ஆகவில்லை” என்ற பொருளில் பாராட்டியதாகச் சொல்வார்கள். படம் முதலில் மிக உயரத்தில் மாட்டப்பட்டு, பிறகு கீழே இறக்கப்பட்டது. ஏழு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள சீலை அது. கண்மட்டத்துக்கு வந்தால் தெப்பத்தின் விளிம்பு நம் காலைத் தொடும்; மேலே போனால் வெறும் சித்திரம்.

தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் அரசு படத்தை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மதப் படம் ஒன்று எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். மனம் ஒட்டாத ஜெரிகோ அதை ஓசையில்லாமல் தெலக்ருவாவின் கையில் தள்ளிவிட்டார். சீலையைச் சுருட்டி லண்டனுக்கு எடுத்துச்சென்று, 1820இல் பிக்கடில்லியில் உள்ள எகிப்திய மண்டபத்தில் கட்டணக் கண்காட்சியாக வைத்தார். அங்கே படத்தைத் தாழ்வாக மாட்டினார்கள். ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். 1824 ஜனவரியில் 32 வயதில் அவர் இறந்தார். அந்த ஆண்டே நடந்த ஏலத்தில் அவருடைய நண்பர் தெத்ரே தோர்சி 6,005 ஃபிராங்குக்குப் படத்தை எடுத்து, அதே விலைக்கு லூவருக்குக் கொடுத்தார். அந்த நண்பர் மட்டும் இல்லையென்றால் இந்தப் படம் இன்று பிரான்சில் இருந்திருக்குமோ என்பது சந்தேகம்.

கேள்வி: இந்தக் கண்காட்சிகளில் பெண்களுக்கு இடம் இருந்ததா? (நாகர்கோவில் வாசகி)

இருந்தது. 1791க்குப் பிறகு நிறையப் பெண்கள் படம் வைத்தார்கள். ஆனால் அரசின் நுண்கலைப் பள்ளி அவர்களுக்குக் கதவைத் திறந்தது 1897இல்தான். அதுவரை தனி ஆசிரியர்களிடம்தான் கற்றார்கள்.

மரி கில்மின் பெனுவா என்ற பெயரை நினைவில் வையுங்கள். ஓவியர் தாவீதிடம் கற்றவர். 1800 சலோனில் ஒரு கறுப்பினப் பெண்ணின் உருவப்படத்தை வைத்தார். வெள்ளைத் துணி, நீலச் சால்வை, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை 1794இல் ஒழித்தார்கள். 1802இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். அந்த எட்டாண்டு இடைவெளிக்குள் பிறந்த முகம் அது. அவள் பெயர் மதலேன் என்று ஆய்வாளர்கள் அண்மையில் கண்டறிந்து, 2019இல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் அந்தப் பெயரையே படத்துக்கு வைத்தார்கள். பெனுவாவின் கணவருக்கு மன்னராட்சியில் உயர்பதவி கிடைத்தது. அதிகாரியின் மனைவி படம் வைப்பது முறையல்ல என்று அவர் கண்காட்சியிலிருந்தே விலக வேண்டியதாயிற்று. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: ஆங்க்ர் பழமைவாதி, தெலக்ருவா புரட்சிக்காரர், ஒருவரை அரசு தூக்கிவைத்தது, மற்றவரை ஒதுக்கியது. இது சரிதானா? (மதுரையிலிருந்து ஓவிய ஆசிரியர் ஒருவர்)

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் பிரிக்கின்றன, ஆசிரியரே. ஆண்டுவாரியாகப் பார்த்தால் கதை வேறு.

ஆங்க்ர் 1806இல் வைத்த நெப்போலியன் படத்தை விமர்சகர்கள் கிழித்தார்கள். 1819இல் வைத்த ‘பெரிய ஓதலிஸ்க்’ (அந்தப்புரப் பெண்) படத்தைப் பார்த்து, அந்தப் பெண்ணின் முதுகில் எலும்பு அதிகம் என்றார்கள். மனம் கசந்து இத்தாலியிலேயே இருந்தார். தெலக்ருவாவோ 1822இல் முதன்முதலாக வைத்த ‘தாந்தேயின் படகு’ படத்தையே அரசு வாங்கிவிட்டது.

1824 சலோனில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆங்க்ரின் ‘பதின்மூன்றாம் லூயியின் வேண்டுதல்’ அவருக்குப் பதக்கமும் அடுத்த ஆண்டே கலைக்கழகப் பதவியும் கொண்டுவந்தது. தெலக்ருவாவின் ‘கியோஸ் படுகொலை’யைக் கண்டு பலர் முகம் சுளித்தாலும் அரசு 6,000 ஃபிராங்கு கொடுத்து வாங்கியது. அதே சலோனில் ஆங்கிலேயர் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ தங்கப் பதக்கம் பெற்றது. அவருடைய நிறங்களைப் பார்த்துவிட்டுத்தான் தெலக்ருவா கடைசி நேரத்தில் தன் படத்தைத் திருத்தினார். 1827இல் ‘சர்தனபாலஸின் மரணம்’ வந்தபோதோ, போக்கை மாற்றிக்கொண்டால்தான் அரசு வேலை என்று அவருக்கு எச்சரிக்கை விடுத்தார்கள்.

1834இல் ஆங்க்ரின் தியாகி படம் எடுபடவில்லை. இனிமேல் சலோனில் படம் வைப்பதில்லை என்று முடிவெடுத்து ரோமுக்குப் போய்விட்டார். 1835இல் குரோ வைத்த ஹெர்குலிஸ் படத்தை எல்லோரும் இகழ்ந்தார்கள். ஒரு காலத்தில் மாலை வாங்கிய அந்த மனிதர், அதே ஆண்டு ஜூனில் ஸேன் ஆற்றில் மூழ்கி உயிரை விட்டார். சலோன் யாரையும் நிரந்தரமாகத் தூக்கிவைக்கவும் இல்லை, நிரந்தரமாக ஒதுக்கவும் இல்லை. இரு தரப்பாரையும் அது காயப்படுத்தியது.

கேள்வி: தேர்வுக்குழுவை மீறித் தனியாகக் கண்காட்சி வைத்தவர்கள் உண்டா? (சேலம் வாசகர்)

உண்டு. தாவீது 1799இல் ‘சபைன் பெண்கள்’ படத்தை லூவரில் தனிக்கூடத்தில் வைத்துக் கட்டணம் வாங்கினார். எதிரே பெரிய கண்ணாடி வைத்து, படத்துக்குள் பார்வையாளரும் கலந்து தெரியும்படி செய்தார். ஐந்தாண்டுக்கு மேல் நடந்தது, நல்ல வருமானம். 1822இல் ஒராஸ் வெர்னேயின் போர்ப் படங்களை, அவற்றில் புரட்சியின் மூவண்ணம் தெரிந்ததால், குழு மறுத்தது. அவர் மற்றப் படங்களையும் திரும்பப் பெற்றுத் தன் கூடத்திலேயே கண்காட்சி நடத்தினார். ஆனால் இருவருமே ஏற்கெனவே புகழ் பெற்றவர்கள். பெயர் இல்லாத இளைஞனுக்கு சலோனைத் தவிர வேறு சுவர் இல்லை.

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்குப் பாரிஸ் போகிறாள். எந்தப் படத்தை முதலில் பார்க்கச் சொல்லலாம்? (கோவையிலிருந்து ஒரு தாய்)

செவ்வாய்க்கிழமை லூவர் மூடியிருக்கும். வேறு நாளில் போகச் சொல்லுங்கள். டெனோன் பகுதியின் முதல் மாடியில் மொலியன் கூடம் என்று கேட்டால் காட்டுவார்கள். குரோவும் ஜெரிகோவும் தெலக்ருவாவும் அங்கேதான் இருக்கிறார்கள். முதலில் தெப்பத்தை அருகில் போய்ப் பார்க்கட்டும். பிறகு தெலக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’. 1831 சலோனில் வைத்த இந்தப் படத்தை, 1830 புரட்சியால் வந்த புதிய அரசு 3,000 ஃபிராங்குக்கு வாங்கியது. மக்கள் மறுபடி கிளர்ந்தெழுவார்களோ என்று அஞ்சிச் சீக்கிரமே மறைத்துவிட்டு, பின்னர் ஓவியரிடமே திருப்பிக் கொடுத்தது. லூவருக்கு வந்தது 1874இல்தான். கூட்டம் மோனாலிசா இருக்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு இடம்கொடுக்காமல் இங்கேயே ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள்.