கணக்குப் பார்த்தவர் கார்த் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்த முடியுமா?

கீழக்கரையில் வணிகவியல் படிக்கும் தம்பி, பொறியியல் பின்னணி இல்லாதவர் வாகன உதிரிபாக நிறுவனமொன்றின் தலைமைக்கு வர இயலுமா என்று கேட்டிருக்கிறார். இயலும்; ஆப்டிவ் நிறுவனத்தின் கெவின் கிளார்க் அதற்குச் சான்று.

ஆப்டிவின் பழைய பெயர் டெல்ஃபி. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999இல் பிரிந்த அது, 2005இல் திவால் பாதுகாப்புக் கோரி, 2009இல் அதிலிருந்து மீண்டது. மறு ஆண்டு தலைமை நிதி அலுவலராகச் சேர்ந்த கிளார்க், 2014இல் செயல்பாட்டுப் பொறுப்பையும், 2015 மார்ச்சில் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அவருடைய முக்கியமான முடிவுகள், என் பார்வையில், எதை வாங்குவது என்பதைவிட எதைக் கைவிடுவது என்பதைப் பற்றியவையே. 2015இல் வெப்பக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஜெர்மனியின் மாலே நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2017 டிசம்பரில் எஞ்சின் சார்ந்த தொழில் டெல்ஃபி டெக்னாலஜிஸ் என்று தனியே பிரிய, காரின் நரம்பு மண்டலமான ஒயரிங், மென்பொருள், பாதுகாப்பு மின்னணுவியல் ஆகியவற்றை வைத்துக்கொண்ட மூல நிறுவனம் ஆப்டிவ் என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் ஓட்டுநரின்றித் தானே ஓடும் கார்களுக்கான மென்பொருள் நிறுவனமான நியூடோனமியையும் வாங்கினார்கள்.

பாம்பனில் விசைப்படகு வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: டீசலுக்கும் ஐஸுக்கும் ஆகும் செலவைச் சரியாக அறிந்தவர்தான் எந்தப் படகை விற்பது, எதற்குப் புது எஞ்சின் பொருத்துவது என்று துணிந்து முடிவெடுப்பார். ஆனால் எஞ்சினின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லும் டிரைவரை அவர் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.