மகளின் பெயரை அடித்துவிடுங்கள்

கேள்வி: பத்து ஆண்டுகளாக எனக்கு லூபஸ்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுவிட்டது; ஸ்டீராய்டை நிறுத்தவே முடியவில்லை. கார்-டி செல் சிகிச்சையின் முதல்கட்டச் சோதனையில் சேரும்படி மருத்துவர் சொல்கிறார். படிவத்தில் ‘உடனிருந்து கவனிப்பவர்’ என்ற இடத்தில் 17 வயது மகளின் பெயரை எழுதிவிட்டேன். கணவருக்கு மருத்துவமனை என்றாலே ஒத்துக்கொள்ளாது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சேரலாமா?

பதில்: சேருவது பிறகு இருக்கட்டும். மகளின் பெயரை எழுதிவிட்டேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

உடனிருப்பவருக்கு என்ன வேலை என்று கேட்டீர்களா? உங்கள் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, இந்த நோயில் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருளுக்குக் காரணமான பி செல்களை அழிக்கும்படி அவற்றை மாற்றி, கீமோ மருந்து கொடுத்த பிறகு உடம்புக்குள் திரும்பச் செலுத்துவார்கள். அடுத்து வரும் நாட்களில் கடும் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். சிலருக்குப் பேச்சு குழறும், புத்தி தடுமாறும். தடுமாறுகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுகொண்டு, நடுராத்திரியானாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதை ஒரு சிறுபெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, அவளைப் பெற்ற அப்பாவுக்கு ‘ஒத்துக்கொள்ளாது’ என்று விடுமுறை கொடுத்திருக்கிறீர்கள்!

கணவரின் சௌகரியத்துக்காக மகளை முன்னே தள்ளும் தாய்மார்கள் எனக்கு ஓயாமல் எழுதுகிறார்கள். தியாகம் செய்வதாக நினைப்பு. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. பெற்றவளைத் தாங்குவது பிள்ளையின் கடமை, மறுக்கவில்லை. ஆனால் கைப்பிடித்தவர் உயிரோடு இருக்கும்போது அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

சோதனையைப் பற்றி. 2021-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஒரு லூபஸ் நோயாளிக்கு இந்தச் சிகிச்சை பலன் தந்தது. அதே குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், லூபஸ் நோயாளிகள் 8 பேருக்கும் நோய் அடங்கியது. நல்ல செய்திதான், ஆனால் எட்டே பேர். முதல்கட்டச் சோதனை முதன்மையாகப் பார்ப்பது மருந்து பாதுகாப்பானதா, எந்த அளவில் கொடுக்கலாம் என்பதைத்தான். உங்களுக்குக் குணமாகும் என்று அதில் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் இருக்கும். விலகலாம், உள்ளே போன செல்களைத் திரும்ப எடுக்க முடியாது. இத்தகைய சிகிச்சைகளில் 15 ஆண்டுகள் வரைகூடக் கண்காணிப்பு நீளும். அப்போது உங்கள் மகளுக்கு 32 வயது. அதுவரை அவளே கூட வந்துகொண்டிருப்பாளா?

இன்றே கணவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அவரும் வரட்டும். காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது, எத்தனை நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும், பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது என்று அவர் வாயால் கேட்கட்டும். அவர் அடியோடு மறுத்தால் உடன்பிறந்தவரோ தோழியோ, வயதுவந்த ஒருவரைப் பிடியுங்கள். ஆள் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மகளைக் கேட்காமலே அவள் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.