புழு சாகிற பெட்டிக்கு டெட்ராசைக்ளின் கொடுக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஆறு பெட்டியில் இந்தியத் தேனீ வளர்க்கிறேன். ஒரு பெட்டியில் புழுக்கள் சாகின்றன. சர்க்கரைப் பாகில் டெட்ராசைக்ளின் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். சரியா? வேறு இரண்டு பலமில்லாத பெட்டிகளை ஒன்றாக்கியபோது ஒன்றையொன்று கடித்துக் கொன்றன. ஏன்?

பதில்: மாத்திரையைக் கீழே வையுங்கள். முதலில் ஒரு புழுவை இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். நீர் கோத்த பை மாதிரி தொங்கினால் அது தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற புழு நோய். 1990களின் தொடக்கத்தில் உங்கள் மாவட்டத்துப் பெட்டிகளைக் காலி செய்த அதே நோய்தான். அது வைரஸ், டெட்ராசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. கெடுதல் மட்டும் செய்யும்.

அந்தக் கெடுதல் குடலில். மெழுகு மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிற தேனீ வெளிறிப்போய், தள்ளாடி நடக்கும். அப்போது அதன் குடலில் பாக்டீரியா அநேகமாக இல்லை. அடையை நக்கி, மூத்த பணித்தேனீக்களோடு புழங்கி, அவற்றின் எச்சமும் வாயில் பட்டுத்தான் சில நாளில் குடல் நிரம்பும். மகரந்தத்தின் சுவரிலுள்ள பெக்டின் என்ற பொருளை உடைக்கிற கில்லியமெல்லா என்ற பாக்டீரியாவும் அப்படி வந்து சேர்வதுதான். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் இத்தாலியத் தேனீக்களுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியா சரிந்தது, கூட்டுக்குத் திரும்பிய தேனீக்களில் சாவு கூடியது.

சண்டைக்கு வருவோம். காவல் தேனீ ஆளை அடையாளம் காண்பது உடம்பின் மேல்பூச்சு வாசனையால். வேறு பெட்டித் தேனீக்கு வாசனை வேறு, அதனால்தான் கடித்துக்கொண்டன. குடல் பாக்டீரியா மாறினால் அந்த வாசனையும் மாறுகிறது, உடன்பிறப்பைக்கூட அந்நியனாக நடத்துகின்றன என்று 2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த ஆய்வு காட்டியது. 2022இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் தேனீக்களின் முதுகில் குறியீட்டுச் சீட்டு ஒட்டிக் கவனித்தார்கள். குடலில் பாக்டீரியா உள்ளவை, இல்லாதவற்றைவிட அதிகமாகத் தலையோடு தலை வைத்துச் சந்தித்தன. அதுவும் எல்லோரோடும் இல்லை, குறிப்பிட்ட சிலரோடு. கல்யாண வீட்டில் நாம் செய்வதுதான்!

நோய்ப் பெட்டியைத் தள்ளி வையுங்கள். அதன் அடையை மற்றப் பெட்டிக்கு மாற்றவே கூடாது, யாரோடும் சேர்க்கவும் கூடாது. நல்ல பெட்டிகளைச் சேர்ப்பதென்றால் ஒரு ராணியை எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில், ஊசியால் குத்திய செய்தித்தாளை நடுவில் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். அவை கடித்து வழி போடுவதற்குள் வாசனை கலந்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாசலில் காகிதத் துணுக்கு உதிர்ந்து கிடந்து, செத்த தேனீ அதிகம் இல்லையென்றால் சேர்ந்துவிட்டன.